நாலாயிரம் மூட்டை

வருஷத்துக்கு நாலாயிரம் மூட்டை தள்ளினால்
கப்பலில் மூன்று ராத்திரி என்றது கம்பெனி.
அந்த வருஷம் விருதம்பட்டில் ஆளாளுக்கு மாடி எடுத்தார்கள்.
தள்ளிவிட்டோம்.

காட்பாடியில் ரயில் ஏறும்போதே
ஒரு கேள்வியை மடித்து வைத்திருந்தேன்
கேப்டனைப் பார்த்தால் கேட்க.

இரண்டாம் நாள் சாயங்காலம் பார்த்தோம்.
சரவிளக்குக்குக் கீழே வெள்ளை உடுப்பு,
தோளில் நாலு தங்கக் கோடு,
இடது கையில் குடிக்காத எலுமிச்சைத் தண்ணீர்.
வலது கை மட்டும்
போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.
கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை நிற்பாரே, அப்படி.
பக்கத்தில் பொண்ணுதான் இல்லை.

எங்களுக்கு முன்னால் திருப்பத்தூர் ஜம்புலிங்கம்.
"நீங்க இங்க நின்னா கப்பல யாரு ஓட்டுறா?"
ஏரியா மேனேஜர் இங்கிலீஷில் சொன்னார்.
கேப்டன் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார்.
அது என் கேள்வி.

வரிசை வளைந்து போய்த் திரும்பி வந்தது.
நான் கல்லாவில் உட்காருகிறவள், எண்ணாமல் இருக்க முடியாது.
எங்கள் முறை வருவதற்குள்
அதே கேள்வி பதினோரு தடவை.
பதினோரு தடவையும் அதே சிரிப்பு
ஒரு கிலோ குறையாமல்,
தைத்த மூட்டை மாதிரி.

வீட்டுக்காரர் கை குலுக்கினார், கேமரா மின்னியது.
நான் கும்பிட்டேன்.
நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல்
அவரும் இரண்டு கையையும் சேர்த்தார்,
கிளாஸ் மேனேஜர் கைக்குப் போனது.
அந்த விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று
கொஞ்ச நேரம் சாய்ந்துகொண்டன.

"கால் வலிக்கலையான்னு கேளுங்க சார்" என்றேன்.
"இதப் போயி..." என்று இழுத்தவர்
என்ன நினைத்தாரோ, கேட்டுவிட்டார்.

சிரிப்பு வரவில்லை.
வாய் திறந்தது, மூடிக்கொண்டது.
பிறகு ரகசியம் மாதிரி
ஒரு குதிகாலை ஷூவிலிருந்து பாதி தூக்கிக் காட்டினார்.
எந்த ஊர் என்று கேட்டார். கடல் உண்டா?
கடல் இல்லை, ஆறு உண்டு என்றேன்.
அதில் தண்ணீர் இல்லை என்றேன்.
மேனேஜர் பெயர்த்துச் சொன்னதும்
தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதுபோல்
காதை என் பக்கம் குனிந்தார்.
அதற்குள் பின்னால் ஆரணிக்காரர் தள்ள
நாங்கள் பஜ்ஜிப் பக்கம் வந்துவிட்டோம்.

கேப்டன் மேஜையில் சாப்பாடு
பத்தாயிரம் மூட்டைக்காரர்களுக்கு.
நாங்கள் தூணோரம் இருந்து பார்த்தோம்.
யாரோ தோளில் கை போட்டார்கள்,
யாரோ தொப்பியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார்கள்,
தட்டு அப்படியே இருந்தது.
போன் வந்ததும் எழுந்தார் பாருங்கள்,
பள்ளிக்கூட மணி அடித்த பிள்ளை மாதிரி!

போட்டோ எண்ணூறு ரூபாய்.
அறுநூறுக்குக் கேட்டுப் பார்த்தார், படியவில்லை.
இப்போது கடையில் ஸ்டாக் போர்டுக்கு மேலே தொங்குகிறது,
ஓரமாய்ச் சிமெண்ட் தூசி.
"யாருக்கா இது, சம்பந்தியா?" என்பார் கொத்தனார் வரதன்
ஒவ்வொரு லோடுக்கும்.
ஒவ்வொரு லோடுக்கும் சிரிக்கிறேன்.

அப்புறம் ஒரு கார்த்திகையில்
பாலாறு வந்தது.
கரையிலிருந்து கரைக்கு, செம்மண் நிறத்தில்,
வேரோடு ஒரு புளியமரத்தைப் புரட்டிக்கொண்டு.
கடையைப் பூட்டிவிட்டு ஓடினோம்.
வேலூரில் பாதி பாலத்தின்மேல்,
காட்பாடியில் பாதி பாலத்தின்மேல்.
கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழேயே பார்த்தால்
தண்ணீர் நின்றுவிடுகிறது,
பாலம் நகர்கிறது.
அத்தனை ஜனத்தையும் ஏற்றிக்கொண்டு
மேற்கே ஆம்பூர்ப் பக்கம் போகிறது.

காலையிலிருந்து "நவுருங்க, நவுருங்க" என்று
தொண்டை கட்டிப்போன கான்ஸ்டபிள்
என்னிடம் வந்தபோது
மடித்து வைத்தது தானாகப் பிரிந்தது:
"இத யாரு சார் ஓட்டுறா?"

முறைத்தார்.
நான் காட்டிய இடத்தை எட்டிப் பார்த்தார்.
லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
இரண்டு கையாலும்
சுவரைப் பிடித்துக்கொண்டார்.